அவர் பெயரில் லாக்இன்

ஜூன் 11, செவ்வாய்

இன்று அவரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்தோம். வலது முழங்கைக்குள் பிளேட். இடது கையில் மணிக்கட்டைத் தாண்டி மாவுக்கட்டு, விரல் நுனிகள் மட்டும் வெளியே தெரிகின்றன. அவிநாசி ரோட்டில் லாரி உரசி வண்டியோடு விழுந்தவருக்குத் தலை தப்பியதே பெரிது என்று டாக்டர் சொன்னார். இனி சில மாதங்களுக்குப் பல் தேய்ப்பது, சட்டை போடுவது, சாப்பிடுவது எல்லாமே என் கையால்தான்.

மத்தியானம் அவருடைய முதலாளி சந்தானகிருஷ்ணன் சார் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கி வந்தார். பீளமேட்டில் சின்ன கம்பெனி அது. நூற்பு மில்களில் எந்த மெஷின் எவ்வளவு நூல் நூற்கிறது என்று கணக்கெடுக்கும் சாஃப்ட்வேர் செய்கிறார்கள்.

"நல்லா ரெஸ்ட் எடுங்க லோகநாதன். பெருந்துறை மில்லுக்கு ஆகஸ்ட்ல முடிச்சுக் கொடுக்கணும். அதை வேற யாரையாவது வச்சுப் பாத்துக்கறேன்."

"வேண்டாம் சார். ஒரு விரல் அசைஞ்சாப் போதும், வீட்ல இருந்தே முடிச்சுர்றேன்."

சார் போன பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். "வேற யாரையாவதுன்னு எவ்வளவு சுலபமாச் சொல்லிட்டாரு பாத்தியா?" என்றார். யாழினி ஸ்கூலிலிருந்து வந்து அப்பாவின் மாவுக்கட்டில் பூப்போட்டு விடலாமா என்று கேட்டாள். வேண்டாமென்று அதட்டிவிட்டார்.

ஜூன் 14, வெள்ளி

அவருடைய வேலையெல்லாம் ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. அதை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது, மில்லின் மெஷின்கள் அதோடு பேசிக்கொண்டிருக்கின்றன. அதனால் இங்கே லேப்டாப்பில் உட்கார்ந்தபடி அங்கே இருக்கும் திரையைப் பார்க்கவும் இயக்கவும் வசதி செய்ய வேண்டும். ரிமோட் டெஸ்க்டாப். அங்கே இருப்பது லினக்ஸ், அதனால் அதற்கான சாஃப்ட்வேரை நாமே போட்டு, நாமே திறந்துவிட்டால்தான் வரும்.

அந்தப் பக்கம் பிரிசில்லா என்ற பெண் போனில் இருந்தாள். அவருடைய டீமில் வேலை பார்ப்பவள். இந்தப் பக்கம் நான்.

"நீ பயப்படாத. நான் ஒவ்வொரு எழுத்தாச் சொல்றேன், நீ அடி. எஸ்... யூ... டி..."

நான் மொத்த கமாண்டையும் அடித்து முடித்திருந்தேன். அவர் "ஓ" சொல்லும்வரை கையை மடியில் வைத்துக் காத்திருந்தேன்.

கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் நான் நாலு வருஷம் லினக்ஸ் சர்வர்களோடுதான் குப்பை கொட்டினேன் என்பது அவருக்கு மறந்துபோயிருக்கலாம். யாழினி பிறந்ததும் விட்டது. ஒன்பது வருஷம் ஆகிறது. மறப்பதும் நியாயந்தான்.

நிறுவி முடித்தோம். இணைத்ததும் பெயரும் பாஸ்வேர்டும் கேட்டது. கொடுத்தோம். திரை முழுக்கக் கறுப்பு. வேறொன்றும் வரவில்லை.

"எங்கியோ தப்பா அடிச்சிருக்கற" என்றார்.

ஜூன் 17, திங்கள்

இன்றும் கறுப்புத் திரை. மூன்று தடவை அழித்துவிட்டு முதலிலிருந்து நிறுவச் சொன்னார். அவர் சொன்னபடியே செய்தேன். வலி மாத்திரையில் அவர் தூங்கியதும், என்ன நடந்தது என்று கம்ப்யூட்டர் எழுதி வைத்திருக்கும் பதிவைத் திறந்து படித்தேன். அதில் காரணம் தெளிவாக இருந்தது. பிரிசில்லாவைக் கூப்பிட்டேன்.

"அங்க அவரு மானிட்டர்ல அவரு பேர்ல ஏற்கெனவே லாக்இன் ஆகியிருக்குதா பாரு கண்ணு."

"ஆமாக்கா. ஆக்ஸிடென்ட் ஆன அன்னிக்கிருந்து அப்படியே இருக்கு."

"அதை லாக்அவுட் பண்ணு. ஒரே பேர்ல அங்கயும் இங்கயும் சேர்ந்து இருக்க முடியாது. அதுதான் கறுப்பாக் காட்டுது."

அவள் செய்தாள். நான் மறுபடி இணைத்தேன். திரை திறந்தது. பின்னணிப் படம் நாங்கள் ஊட்டியில் எடுத்தது. அவரும் யாழினியும் சிரிக்கிறார்கள். படத்தை வெட்டியதில் ஓரத்தில் என் தோள் மட்டும் மிச்சமிருக்கிறது.

அவர் எழுந்ததும், "தானாவே சரியாயிருச்சுங்க" என்றேன்.

ஜூன் 18, செவ்வாய்

இதுவரை பிரிசில்லா தற்காலிகமாகத் திறந்துவிட்ட வழியில்தான் உள்ளே போனோம். இனி எப்போதும் இருக்கும்படி ஆபீஸ் ரவுட்டரில் நேராக வழியைத் திறந்துவிடச் சொன்னார். அப்படிச் செய்தால் ஊரில் இருக்கிறவனெல்லாம் வந்து கதவைத் தட்டுவான், பூட்டுப்போட்ட பாதை ஒன்றை முதலில் போட்டு அதற்குள்ளே இதை விடலாமே என்றேன்.

"உனக்கெதுக்கு அதெல்லாம்?" என்றார்.

சாயங்காலம் சந்தானகிருஷ்ணன் சாரிடம் போனில் பேசினார். "நேராத் திறந்தா ஆபத்து சார். நான் பூட்டுப்போட்ட பாதை ஒண்ணு போட்டு அதுக்குள்ள விடலாம்னு இருக்கேன்."

போட்டேன். ரசத்துக்குப் புளி கரைக்க நேரமாகிவிட்டது.

ஜூலை 4, வியாழன்

காலையில் அவரைக் குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டி, முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்காரவைத்தால் வேலை ஆரம்பம். அவர் வாயால் சொல்கிறார், நான் அடிக்கிறேன். ஒரு வரியை மூன்று விதமாகச் சொல்லி மாற்றுவார். அடைப்புக்குறியை மூட மறப்பார். நானே மூடிவிடுகிறேன். மாத்திரை போட்ட பிறகு அவரால் அதிக நேரம் முடிவதில்லை. "இந்த இடத்துலயே நிறுத்து, தூங்கி எழுந்து சொல்றேன்" என்பார்.

நிறுத்திவிட்டுத் துணி மடித்தேன்.

பிறகு மறுபடி உட்கார்ந்து மிச்சத்தை நானே எழுதினேன். அவர் நிறுத்திய நிரல் எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்த பிறகு சும்மா இருப்பது கஷ்டமாக இருந்தது. அதனால்தான்.

ஜூலை 15, திங்கள்

பெருந்துறை மில்லில் பெரிய சிக்கல் ஒன்று. ஷிப்ட் மாறும் நேரத்தில் கணக்கு அறுந்துபோகிறது. மெஷின் எண்களை அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் அவை எங்கேயும் போய்ச் சேர்வதில்லை. எல்லோரும் மெஷினைக் குற்றம் சொன்னார்கள். அவர் தூங்கிய நேரத்தில் பழைய நிரலை வரி வரியாகப் படித்தேன். அடுத்த ஷிப்டின் கணக்கைத் திறப்பதற்கு முன்னாலேயே பழையதை மூடிவிடுகிறது. இடையில் வருவதெல்லாம் தொலைகிறது. புதியதை முதலில் திறந்துவிட்டு, பிறகு பழையதை மூடும்படி மாற்றி எழுதினேன்.

அந்தப் பகுதியை எழுதியவர் பெயர் மேலேயே இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் இவர் எழுதியது.

அவரிடம் சொல்லவில்லை. உடம்பு சரியில்லாதவரிடம் எதற்கு?

யாழினி ஹோம்வொர்க் நோட்டை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "அம்மா, இப்ப நீதான் அப்பாவா?" என்று கேட்டாள். நான் சிரித்துவிட்டேன். அவர் விழித்துக்கொண்டிருந்திருக்கிறார். அவர் சிரிக்கவில்லை.

ஜூலை 16, செவ்வாய்

சந்தானகிருஷ்ணன் சாரிடமிருந்து மெசேஜ்: "அருமை லோகநாதன். மூணு மாசமாத் தேடினதை ஒரே நாள்ல கண்டுபிடிச்சுட்டீங்க."

அதைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். படித்தேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

இன்று மில்லுக்கு ஒப்படைக்கும் நாள். வீடியோ மீட்டிங். அவருக்குத் தலை சீவி நல்ல சட்டை போட்டு கேமரா முன் உட்காரவைத்தேன். நான் கேமராவில் தெரியாதபடி கட்டிலின் இந்தப் பக்கம், கீபோர்டு மடியில். அவர் பேசப் பேச நான் இயக்கினேன். மில் மேனேஜர் ஒரு கேள்வி கேட்டார்: கரண்ட் போய் வந்தால் கணக்கு என்ன ஆகும்?

அவருக்குத் தெரியவில்லை. நான் எழுதிய பகுதி அது. யாழினியின் சிலேட்டில் எழுதி லேப்டாப்புக்குப் பின்னால் தூக்கிப் பிடித்தேன். அதைப் பார்த்துச் சொன்னார். அந்தப் பக்கம் கைதட்டினார்கள்.

முடிந்ததும் காபி கொடுத்தேன்.

"தண்ணியா இருக்குது. பால் ஊத்துனியா இல்லியா?" என்றார்.

எனக்கு வருத்தமொன்றுமில்லை. பால் கொஞ்சம் குறைவுதான்.

ஆகஸ்ட் 22, வியாழன்

பிரிசில்லா போன் செய்தாள். அவர் ஃபிசியோதெரபிக்குப் போயிருந்தார். ஏதோ சந்தேகம் கேட்டாள், சொன்னேன். அவள் போனை வைக்கவில்லை.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. இதெல்லாம் நீங்கதானே எழுதறீங்க? சார் எழுதறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

"அவரு சொல்றாரு, நான் அடிக்கறேன்."

"சரிக்கா." பிறகு சொன்னாள். "நீங்க அப்ப வந்திருந்தா நல்லாருந்திருக்கும். உங்களைத்தான் முதல்ல கேட்டாங்களாம். நீங்க இஷ்டமில்லைன்னு சொன்னதாலதான் அந்த இடத்துக்கு என்னை எடுத்தாங்க."

"எப்பக் கேட்டாங்க?"

"மூணு வருஷம் இருக்கும். எம்.டி. சார் லோகநாதன் சார்கிட்டக் கேட்டாராம். நீங்க எல்லாம் மறந்துபோச்சு, வீட்டோட இருந்துக்கறேன்னு சொன்னீங்களாம். ஏன்க்கா, உங்களுக்கு ஞாபகமில்லையா?"

"ஆமாமா. சொன்னேன்" என்றேன்.

யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 23, வெள்ளி

மத்தியானம் சோறு ஊட்டும்போது கேட்டேன்.

"சந்தானகிருஷ்ணன் சார் என்னை வேலைக்குக் கேட்டாராமே?"

அவர் மென்றுகொண்டே இருந்தார். "அப்ப யாழினிக்கு அடிக்கடி காய்ச்சல் வந்துட்டிருந்துச்சு."

"அவ ஸ்கூலுக்குப் போக ஆரம்பிச்சிருந்தா. நான் வேலை தேடிட்டிருந்தேன். தினமும் உங்ககிட்டத்தானே பொலம்புனேன்?"

"இப்ப எதுக்கு அது?"

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்க."

"கேட்டா நீ போறேன்னு சொல்லியிருப்ப."

எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்! மறைக்கக்கூட இல்லை. சோறு ஆறிப்போயிருந்தது. மிச்சத்தையும் ஊட்டி முடித்து, வாயைத் துடைத்துவிட்டேன். பிறகு கழுவிய தட்டையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 26, திங்கள்

வேலை செய்யவில்லை. தலைவலி என்றேன்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

செய்தேன். செய்யாவிட்டால் மில் நிற்கும். அவர் வேலை போனால் வீடும்தான் நிற்கும். அதற்காக மட்டும் என்று எழுத வந்தேன். அது பொய். கணக்கு அறுபடாமல் ஓடுவதைத் திரையில் பார்க்கும்போது எனக்கு வேறெதுவும் ஞாபகம் வருவதில்லை.

செப்டம்பர் 16, திங்கள்

இடது கை மாவுக்கட்டை எடுத்துவிட்டார்கள். மெதுவாக அடிக்கிறார். என் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டு நான் எழுதியதைப் பார்க்கிறார். மாறிகளுக்கு நான் வைத்த பெயர்கள் பிடிக்கவில்லையாம், எல்லாவற்றையும் மாற்றினார். அவை சரியாகத்தான் இருந்தன.

செப்டம்பர் 29, ஞாயிறு

அவரை டீம் ஹெட் ஆக்கிவிட்டார்கள். சந்தானகிருஷ்ணன் சார் மனைவியோடு வீட்டுக்கு வந்தார். மைசூர்பாகு கொண்டுவந்திருந்தார். பிரிசில்லாவும் கூட வந்தாள்.

"இதுல உங்க பங்கும் இருக்குதும்மா" என்றார் சார்.

சொல்லிவிட்டாரோ என்று அவரைப் பார்த்தேன்.

"நேரா நேரத்துக்கு சோறு, மாத்திரைன்னு நீங்க கவனிச்சுக்கிட்டதாலதானே இவரால கைவலியோட இவ்வளவு பண்ண முடிஞ்சுது!"

அவர் தலையாட்டினார். பிரிசில்லா கையிலிருந்த இனிப்பைச் சாப்பிடாமல் தட்டில் வைத்துவிட்டாள். நான் உள்ளே போய்த் தண்ணீர் எடுத்துவந்தேன்.

அக்டோபர் 7, திங்கள்

அவர் ஆபீஸ் போனார். பாத்திரம் துலக்கிவிட்டு வந்து, பழக்கத்தில் லேப்டாப்பைத் திறந்து இணைத்தேன். இணைப்பு மறுக்கப்பட்டது என்று வந்தது. லைன் கோளாறாக இருக்கும் என்று இன்னும் சில தடவை முயன்றேன்.

சாயங்காலம் கேட்டேன்.

"போனதும் முதல் வேலையா அதை எடுத்துட்டேன். சும்மா திறந்து வச்சிருந்தா ஆபத்து."

"நான் பாத்துட்டிருந்த கொஞ்சம் பாக்கி இருக்குதுங்களே."

"இனிமே உனக்கெதுக்கு? நான்தான் போறனே."

கோபமில்லை. வீடு பெரிதாகத் தெரிகிறது, அவ்வளவுதான். பரணைச் சுத்தம் செய்தேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

பிரிசில்லா கூப்பிட்டாள். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"அக்கா, பெருந்துறையில மறுபடி ஷிப்ட் கணக்கு தொலையுது. மில்லுக்காரங்க கத்தறாங்க. இன்னிக்கு மீட்டிங்ல எம்.டி. சார் எல்லாரையும் உட்காரவச்சுக் கேட்டாரு."

"அவரு என்ன சொன்னாரு?"

"அது வந்துக்கா..."

"சொல்லு கண்ணு."

"ஆக்ஸிடென்ட் சமயத்துல உங்களை விட்டுத்தான் டைப் அடிக்கச் சொன்னாராம். நீங்க பல இடத்துல தப்பாப் போட்டிருப்பீங்க, ஒவ்வொண்ணாத் தேடித் திருத்திட்டிருக்கேன்னு சொன்னாருக்கா."

அந்த வேலையோடு சேர்த்து ஆபீஸில் என் பெயர் சொல்லப்பட்டது அதுதான் முதல் தடவை.

அந்த இடத்தை மட்டும் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். அனுப்பினாள். நான் மாற்றி எழுதியதை எடுத்துவிட்டு, தன் பழைய வரிகளையே திரும்பப் போட்டு வைத்திருக்கிறார். புதியதைத் திறக்கும் முன்பே பழையது மூடிக்கொள்கிறது. பழைய நோயே வந்திருக்கிறது. என்னுடையது வேண்டாமென்று மட்டும் நினைத்திருக்கிறார், அது ஏன் அங்கே இருந்தது என்று பார்க்கவில்லை.

சொல்லாமல் விட்டுவிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. மில் நிற்கட்டும், அவர் நிற்கட்டும்.

பிரிசில்லாவுக்கு ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். அவள் மாற்றினாள். மத்தியான ஷிப்ட் மாறும்வரை போனைப் பிடித்துக்கொண்டே இருந்தோம்.

"வந்துருச்சுக்கா! ஒண்ணுகூடத் தொலையல. இதை யாரு சரிபண்ணுனாங்கன்னு நான் எம்.டி. சார்கிட்டச் சொல்லத்தான் போறேன்."

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

அக்டோபர் 23, புதன்

"ஆபீஸ்ல என்ற மானத்தை வாங்கிட்ட" என்றார், செருப்பைக்கூடக் கழற்றாமல்.

"நான் தப்பா அடிச்சேன்னு நீங்க சொன்னீங்க."

"ஒரு பேச்சுக்குச் சொன்னது. உனக்கென்ன அங்க சம்பளமா வெட்டுவாங்க? எனக்குத்தான் வேலை போகும்."

"அந்த வரிகளை ஏனுங்க எடுத்தீங்க?"

யாழினி அறையிலிருந்து வந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் குளிக்கப் போய்விட்டார்.

நவம்பர் 5, செவ்வாய்

சந்தானகிருஷ்ணன் சார் என் போனுக்கே பேசினார்.

"பிரிசில்லா எல்லாம் சொல்லுச்சும்மா. உங்க திறமையை நான் குறைச்சுச் சொல்லல. ஆனா லோகநாதனை இப்பத்தான் டீம் ஹெட் ஆக்கியிருக்கேன். இது வெளிய தெரிஞ்சா மில்லுக்காரங்க என்னை எப்படி நம்புவாங்க? நம்மளோட இருக்கட்டும்."

"சரிங்க சார். உங்க ஆபீஸ்ல எனக்கு ஒரு வேலை கிடைக்குங்களா?"

"மூணு வருஷம் முன்னால நானே கேட்டதுதான். ஆனா இப்ப அவரு டீம் ஹெட், புருஷனும் பொண்டாட்டியும் ஒரே இடத்துல... சரிப்படாதும்மா. உங்க வீட்டு நிம்மதிக்காகத்தான் சொல்றேன்."

எல்லோருக்கும் எங்கள் வீட்டு நிம்மதி மேல் எவ்வளவு அக்கறை.

நவம்பர் 14, வியாழன்

சரவணம்பட்டியில் ஒரு கம்பெனியில் ஆள் எடுப்பதாக பிரிசில்லா சொன்னாள். போனேன். கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடிந்தது. கடைசியாக, இந்த ஒன்பது வருஷத்தில் என்ன செய்தீர்கள் என்று கேட்டார் ஒருவர். பெருந்துறை மில்லைப் பற்றிச் சொன்னேன்.

"அதை யாருகிட்ட உறுதிப்படுத்திக்கலாம்?"

எல்லாம் அவர் பெயரில்தானே இருக்கிறது, லோகநாதன் என்று பெயரும் நம்பரும் எழுதிக் கொடுத்தேன்.

நவம்பர் 20, புதன்

அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. கையில் சோறு. ஸ்பீக்கரில் போடச் சொன்னார், போட்டேன்.

"மேகலாங்கறவங்க உங்க ப்ராஜெக்ட்ல வேலை பாத்ததாச் சொல்லியிருக்காங்க சார். என்ன மாதிரி வேலை?"

அவர் என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன்.

"ஆமாங்க. டைப்பிங் உதவி பண்ணுனாங்க."

"வேற?"

"அவ்வளவுதானுங்க."

நான் போனைக் கையில் எடுத்தேன். "சார், மேகலா பேசறேன். ஷிப்ட் மாறும்போது கணக்கு ஏன் தொலைஞ்சுது, அதை எப்படிச் சரிபண்ணுனாங்கன்னு இப்பவே கேளுங்க. முதல்ல அவரைக் கேளுங்க. பொறவு என்னைக் கேளுங்க."

அந்த ஆள் உண்மையிலேயே கேட்டார். போனை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். அவர் சோற்றைப் பிசைந்தார். எழுந்து கை கழுவப் போனார். நான் பதில் சொன்னேன். சரியாகத்தான் சொன்னேன்.

நவம்பர் 27, புதன்

"உங்க குடும்ப விஷயத்துல நாங்க தலையிட முடியாதுங்க. அந்த வேலையை அனுபவமா எடுத்துக்க வழியில்லை. வேணும்னா பயிற்சியாளராச் சேந்துக்குங்க" என்றார்கள். கூடச் சேருகிறவர்களெல்லாம் இப்போதுதான் காலேஜ் முடித்த பிள்ளைகள்.

சேர்கிறேன் என்றேன்.

டிசம்பர் 2, திங்கள்

அவருக்கு வலது முழங்கை இன்னும் முழுதாக மடங்குவதில்லை. சட்டையின் கழுத்துப் பொத்தான் எட்டாது. எப்போதும்போல வந்து என் முன்னால் நின்றார். போட்டுவிட்டேன். விரல் அவர் கழுத்தில் பட்டது. இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"யாழினி ஸ்கூல் விட்டு வந்தா யாரு இருப்பா?"

"பக்கத்து வீட்ல சொல்லியிருக்கேன். நீங்களும் சீக்கிரம் வரப் பாருங்க."

"எனக்கு வேலை இருக்குது."

"எனக்கும் இருக்குதுங்க" என்று சொல்லிப் படியிறங்கினேன்.

பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். ஆபீஸில் எங்களை வரிசையாக உட்காரவைத்துக் கழுத்தில் மாட்டும் அட்டையைக் கொடுத்தார்கள். எனக்கு இருபத்தொரு வயதுப் பெண்ணைப்போல ஆசையாக இருந்தது. திருப்பிப் பார்த்தேன். மேகலா லோகநாதன், பயிற்சியாளர் என்று அச்சடித்திருந்தது.

"வெறும் மேகலான்னு மாத்தித் தர முடியுங்களா?"

"ஆதார்ல அப்படித்தாங்க இருக்குது" என்றாள் அட்டை கொடுத்த பெண், நிமிர்ந்து பார்க்காமல்.

அட்டையை மாட்டிக்கொண்டு உள்ளே போனேன்.